வட்டம் வந்த வழி

நம் ஊர்களில் 'ஸ்டடி சர்க்கிள்' என்று பெயர்ப்பலகை மாட்டிய எந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தாலும் அநேகமாக வட்டம் இருக்காது. பெஞ்சுகள் வரிசையாகப் பலகையைப் பார்த்தபடி கிடக்கும். ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்ல நூறு பேர் குறிப்பெடுப்பார்கள். குரூப் ஒன், குரூப் டூ, வங்கித் தேர்வு என்று வீட்டின் நம்பிக்கையைத் தோளில் சுமந்து வரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பலகையும் இல்லை, தேர்வும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்து, தங்களைப் பாதிக்கும் ஒரு விஷயத்தைப் படித்துப் பேசுவதுதான் படிப்பு வட்டம். கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்காகப் பிறந்த அந்த வட்டம், கடல் தாண்டிப் போய், உருமாறித் திரும்பி, நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கல்லூரிக்குள்ளேயே நுழைந்தது. அது வந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேற்குக் கோடியில் ஷட்டாக்குவா என்றொரு ஏரி. 1874இல் அதன் கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி முகாமை ஜான் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் போதகரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் தொடங்கினார்கள். தனக்குக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை என்ற ஏக்கம் வின்சென்ட்டுக்குக் கடைசிவரை இருந்தது. 1878இல் அவர் ஒரு வாசிப்புத் திட்டத்தை அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் படித்து முடிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் வீட்டுக்கு வரும். படிப்பவர்கள் தங்கள் ஊரிலேயே சிறு வட்டமாகக் கூடிப் பேசிக்கொள்ளலாம். பண்ணை வீட்டுப் பெண்கள், சிற்றூர் ஆசிரியைகள், கடைச் சிப்பந்திகள் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அடுப்படி வேலை முடிந்த பிறகு அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து கிரேக்க வரலாறு படித்த அந்தப் பெண்களுக்கு அப்போது நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. வட்டத்தின் பிள்ளைப் பருவம் இது. அதற்குப் படிக்க மட்டும்தான் தெரியும், முடிவெடுக்கத் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தது ஸ்வீடன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஸ்வீடனிலிருந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம். ஆட்கள் அங்கே போனார்கள்; அங்கிருந்து கடிதங்களும் அமைப்புகளும் ஸ்வீடனுக்கு வந்தன. அப்படி வந்ததில் ஒன்று, 1851இல் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய குட் டெம்ப்ளர்ஸ் என்ற மதுவிலக்கு அமைப்பு. 1879இல் அது ஸ்வீடனில் காலூன்றியது. குடியை விட்ட தொழிலாளிக்கு மாலை நேரம் கையில் மிஞ்சுகிறது. அந்த நேரத்தை வைத்து என்ன செய்வது? ஆஸ்கர் ஓல்சன் என்ற இளம் ஆசிரியர், தென் ஸ்வீடனின் பல்கலைக்கழக நகரமான லுண்டில் 1902இல் ஒரு பதில் சொன்னார். ஷட்டாக்குவா வட்டங்களைப் பற்றி அறிந்திருந்த அவர், மதுவிலக்குச் சங்கத்துக்குள் முதல் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார். இன்றும் ஸ்வீடனில் படிப்பு வட்டத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிற்பாடு அவர் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

வட்டத்துக்கு ஆசிரியர் கிடையாது. இதற்கு முதல் காரணம் தத்துவம் அல்ல, வறுமை. சம்பளம் கொடுத்து ஆசிரியரை வைக்கச் சங்கத்திடம் பணம் இல்லை. ஆளுக்கொரு புத்தகம் வாங்கவும் வழியில்லை. இருந்த சில பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள், பிறகு பேசினார்கள். தங்களில் ஒருவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இல்லாமையால் வந்த இந்த ஏற்பாட்டை ஓல்சன் கொள்கையாகவே மாற்றினார். மேலிருந்து ஒருவர் ஊற்ற, கீழே ஒருவர் ஏந்திக்கொள்வது கல்வியாகாது. மக்கள் தாமே தமக்குக் கற்பித்துக்கொள்ள முடியும் என்பது அவர் உறுதி. இந்த இடத்தில்தான் வட்டத்துக்கு முதுகெலும்பு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய ஸ்வீடனில் போதிய வருமானமோ சொத்தோ இருந்த ஆண்களுக்கே வாக்கு. ஆலைத் தொழிலாளி தேர்தலன்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும். அதே தொழிலாளி மாலையில் சங்கத்துக்கு வந்தால் அங்கே அவருக்கு ஒரு வாக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கும் ஒரு வாக்கு இருந்தது. நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, தீர்மானம் கொண்டுவருவது, எதிர்த்துப் பேசுபவரை முடிக்கவிடுவது, தோற்ற பிறகும் அடுத்த வாரம் வந்து உட்காருவது என்று எல்லாவற்றையும் அவர்கள் அங்கே பழகினார்கள். பெண்களும் வாக்களித்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1921இல் நடந்தபோது, ஜனநாயகம் அவர்களில் பலருக்குப் புதிய பழக்கமாக இருக்கவில்லை. 1912இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் கல்விச் சங்கத்தை முன்னின்று உருவாக்கிய ரிக்கார்ட் சான்ட்லர் 1925இல் நாட்டின் பிரதமரானார். வட்டம் கட்டியவர் கையில் அரசாங்கம் வந்து சேர பதின்மூன்று ஆண்டு போதுமானதாக இருந்தது. பின்னாளில், ஸ்வீடன் பிரதமராக இருந்த ஓலோஃப் பால்மே, தன் நாட்டு ஜனநாயகமே பெருமளவுக்குப் படிப்பு வட்ட ஜனநாயகம்தான் என்று பெருமையோடு சொன்னார்.

1970களில் அணுமின் நிலையங்கள் வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாடு பிளவுபட்டு நின்றபோது, அரசாங்கம் கல்விச் சங்கங்களுக்குப் பணம் கொடுத்து, மின்சாரத்தைப் பற்றி வட்டங்களில் பேசச் சொன்னது. ஒருமித்த முடிவு எதுவும் வந்துவிடவில்லை. 1980 மார்ச்சில் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. ஆனாலும் கடினமான ஒரு கேள்வியைக் குடிமக்களிடம் கொண்டுபோக ஒரு வழி கைவசம் இருந்த நாடு அது. இன்றைய ஸ்வீடன் வட்டங்களில் கிட்டாரும் மொழிப்பாடமும் மண்பாண்டமும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வட்டத்தின் உறவுமுறையில் இன்னொரு கிளை டென்மார்க்கிலிருந்து வந்தது. குருண்ட்விக் என்ற போதகரின் சிந்தனையில் 1844இல் ரூடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி பிறந்தது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தங்கிப் பேசிப் படித்த இடம். மதிப்பெண்ணும் பட்டமும் அங்கே இல்லை. இந்தப் பள்ளிகளைப் பார்க்க மைல்ஸ் ஹார்ட்டன் என்ற அமெரிக்க இளைஞர் 1931இல் டென்மார்க் போனார். திரும்பி வந்து, அடுத்த ஆண்டே டென்னசி மாநில மலைப்பகுதியில் ஹைலாண்டர் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த மாநிலச் சட்டப்படி அது குற்றம். 1955 கோடையில் அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக அவர் இருக்கையை விட்டு எழ மறுத்ததை உலகம் அறியும்.

அதே ஹைலாண்டரிலிருந்து கிளம்பிய இன்னொரு கதையை அவ்வளவு பேர் அறியமாட்டார்கள். எனக்கு அதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். தென் கரோலினாவில் கடலோரமாக ஜான்ஸ் தீவு. அங்கிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குப் போகும் கறுப்பின மக்களை இசா ஜென்கின்ஸ் என்பவர் தன் பேருந்தில் ஏற்றிச் செல்வார். அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறிவைக் கொடுக்காமல் வைத்திருந்தவர்களே எழுத்தறிவைத் தகுதியாகவும் வைத்தார்கள். ஆலிஸ் வைன் என்ற பெண், பேருந்தில் வரும்போது, தனக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கும்படி ஜென்கின்ஸிடம் கேட்டார். அவர் பேருந்துப் பயணத்திலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஓடும் வண்டியில் எத்தனை பேருக்குத்தான் சொல்லிக்கொடுப்பது? ஜென்கின்ஸ் ஹைலாண்டரிடம் போய் உதவி கேட்டார்.

அங்கே செப்டிமா கிளார்க் இருந்தார். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள பள்ளி ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை விட மறுத்ததற்காக 1956இல் அவருடைய ஆசிரியர் வேலை பறிக்கப்பட்டது. ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு நடத்த ஏற்பாடு ஆயிற்று. முன்னால் மளிகை, பின்னால் பள்ளி. வெள்ளையர் கண்ணில் படக் கூடாதே! யாரை ஆசிரியராகப் போடுவது என்ற கேள்விக்கு ஹார்ட்டனும் கிளார்க்கும் கண்ட பதில் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்தும் பழக்கம் அவருக்கு வந்துவிடும் என்பது அவர்கள் பயம். கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைப் பெண்ணைக் கேட்டார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி யாரும் அவர் பிழைப்பில் கை வைக்க முடியாது. மற்றவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதும் அவர் தொழிலின் ஒரு பகுதிதான்.

1957 ஜனவரியில் 14 பேருடன் வகுப்பு தொடங்கியது. ராபின்சன் தொடக்கப் பள்ளிப் பாடப்பொருள்கள் சிலவற்றைக் கொண்டுபோயிருந்தார். வந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கிவிட்டு, தான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்போம் என்று சொல்லி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், தபாலில் சாமான் தருவிக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், மணியார்டர் எழுத வேண்டும், பிள்ளையின் கடிதத்தைத் தாங்களே படிக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டமாயின. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டினார். வகுப்பு முடிவதற்குள் அதை எல்லோரும் வாசித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மணியார்டர் படிவத்திலிருந்து வாக்காளர் பதிவுப் படிவத்துக்கும், அங்கிருந்து எங்கள் தீவுக்கு ஏன் நல்ல சாலை இல்லை என்ற கேள்விக்கும் பேச்சு தானாக நகர்ந்தது. டென்னசி அரசு 1961இல் ஹைலாண்டரின் உரிமத்தை ரத்து செய்து நிலத்தையும் பறித்தது. அதற்குள் இந்தக் குடிமைப் பள்ளிகளை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுக்கொண்டிருந்தது. 1970 வரையில் தென் மாநிலங்கள் எங்கும் ஏறத்தாழ 900 பள்ளிகள் நடந்தன. பல லட்சம் வாக்குகளுக்குப் பின்னால் இந்தப் பின்னறைகள் இருக்கின்றன.

இத்தனை காலமும் கல்லூரி எங்கே இருந்தது?

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் நகரில் உல்வொர்த் கடையின் உணவு மேசையில் கறுப்பருக்குப் பரிமாற மாட்டார்கள். 1960 பிப்ரவரி 23 அன்று கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் 11 பேரும் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியின் வெள்ளை மாணவர்கள் 10 பேரும் அந்த மேசையில் போய்ச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 21 பேரும் கைதானார்கள். அந்த 10 பேர் படித்த கல்லூரியில் மற்ற 11 பேர் அன்று மாணவராகச் சேர்ந்திருக்க முடியாது; அதன் கதவு 1962இல்தான் திறந்தது. மாணவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள்; கல்லூரி பிறகுதான் கற்றது.

அதே வேக் ஃபாரஸ்டுக்குத்தான் 2001இல் வட்டம் வந்து சேர்ந்தது. வருவதற்கு முன் அது தன்னோடு ஒரு சிறு புத்தகத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தது. காரைக் கைப்பிடி சுழற்றாமல் கிளப்பும் மின் கருவியைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் கெட்டரிங் 1927இல் ஏற்படுத்திய அறக்கட்டளை, ஒஹாயோவின் டேட்டன் நகரைச் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து அது தேசியப் பிரச்சினை மன்றங்கள் என்ற பெயரில் ஊர் ஊராகக் கலந்துரையாடல்களை வளர்த்தது. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு கையேடு. அதில் இரண்டு கட்சி இருக்காது. மூன்று அல்லது நான்கு வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழியிலும் என்ன நன்மை, அதற்காக எதை இழக்க வேண்டிவரும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். மூன்று என்ற எண்ணில்தான் சூட்சுமம். இரண்டு வழி என்றால் உடனே அணி பிரிந்துவிடும். மூன்றாவது ஒன்று வந்து உட்கார்ந்தால், யாரும் முழு மனதோடு எதிலும் ஒட்ட முடியாமல் யோசிக்கத் தொடங்குவார்கள்.

அந்த அறக்கட்டளைக்காக 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல கல்லூரிகளின் மாணவர்கள் அரசியலைப் பற்றி மனம் திறந்திருந்தார்கள். அரசியல் என்பது ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது. அதற்கும் எங்கள் வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களின் பொதுவான கசப்பு. அமெரிக்காவில் 18 வயதுக்கு வாக்குரிமை வந்தது 1971இல். வாக்கைக் கொடுத்தாயிற்று, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பேசிப் பழக ஓர் இடத்தைக் கொடுக்கவில்லை.

வேக் ஃபாரஸ்டில் அரசியலறிவியல் கற்பித்த கேட்டி ஹாரிகரும் தகவல் தொடர்பியல் கற்பித்த ஜில் மக்மில்லனும் இதை நான்கு ஆண்டு சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். 2001இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் 30 பேர். அவர்கள் வகுப்புக்கு வந்து சில வாரங்களுக்குள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தன. நாடு முழுக்கக் கோபமும் அச்சமும் சூழ்ந்திருந்த அந்தப் பருவத்தில் இந்தப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசப் பழகினார்கள். முதலாண்டில் ஜனநாயகமும் கலந்துரையாடலும் பற்றிய கருத்தரங்க வகுப்பு. இரண்டாமாண்டில் தங்கள் வளாகத்தின் வாழ்க்கையைப் பற்றியே சக மாணவர்களையும் நிர்வாகத்தினரையும் அழைத்துக் கலந்துரையாடல். மூன்றாமாண்டில் வளாகச் சுவரைத் தாண்டி வின்ஸ்டன் சேலம் நகரத்துக்குள் போய், நகரம் கட்டுப்பாடில்லாமல் விரிந்துகொண்டே போவதைப் பற்றி ஊர்மக்களோடு கலந்துரையாடல். நான்காமாண்டில் திரும்பிப் பார்த்தல்.

வட்டத்தில் நடப்பது இதுதான். நெறியாளராக ஒருவர் இருப்பார். தன் கருத்தைச் சொல்ல மாட்டார். இந்தப் பிரச்சினை உங்களை எப்படித் தொட்டது என்பது முதல் கேள்வி. அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். புள்ளிவிவரம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அங்கே உடைந்துவிடும். பிறகு ஒவ்வொரு வழிக்கும் சமமான நேரம். தனக்குப் பிடிக்காத வழியின் நல்ல பக்கத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டம் வரும். அடுத்து, நீங்கள் விரும்பும் வழிக்காக எதை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பீர்கள் என்ற கேள்வி வரும். அறை அமைதியாகும் இடம் இதுதான். அந்த அமைதியைக் கலைக்காமல் பொறுத்திருப்பது ஆசிரியருக்குத்தான் பெரிய சோதனை. பதில் தெரிந்தவர் சும்மா இருப்பது எளிதல்ல. மதிப்பெண் போடும் கை தன் கை என்பதை மாணவர்கள் ஒரு கணமும் மறப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஜான்ஸ் தீவில் ஆசிரியரையே வேண்டாம் என்றதன் நியாயம் இங்கேதான் புரிகிறது.

30 பேரையும், அதே ஆண்டு சேர்ந்த மற்ற மாணவர்களையும் ஒப்பிட்டு இருவரும் எழுதிய புத்தகம் 2007இல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் குடிமை என்பதை வாக்குப்பெட்டியோடு நிறுத்திப் பார்க்கவில்லை. தாங்கள் பேசினால் எதையாவது மாற்ற முடியும் என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடுதலாக இருந்தது. பட்டம் பெற்றுப் பத்து ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போனபோது, அந்தப் பழக்கத்தை வேலையிடத்திலும் பொது வாழ்விலும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வெறும் 30 பேர், வசதியான ஒரு தனியார் பல்கலைக்கழகம் என்று இதைத் தள்ளிவிட நினைப்பவர்கள் உண்டு. லுண்டில் 1902இல் தொடங்கியபோதும் கையளவு பேர்தான். தீவில் 14 பேர்.

வட்டத்தின் மேல் வைக்கப்படும் வேறொரு குற்றச்சாட்டு கனமானது. லின் சான்டர்ஸ் என்ற அரசியலறிஞர் 1997இல் எழுதிய கட்டுரையில், எல்லோரும் சமம் என்று சொல்லி உட்காரவைத்தாலும், கோவையாகவும் நிதானமாகவும் பேசப் பழகியவர்களின் குரலே எடுபடும் என்று வாதிட்டார். அவர் சொல்வது சரி. ஆங்கிலம் சரளமாக வரும் பையன் இருக்கும் வட்டத்தில் கிராமத்துப் பெண் வாயைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பதை நம் ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டுவிட்டால் சாதியும் பணமும் மொழியும் வெளியே போய் நிற்பதில்லை. அதனால்தான் முதல் கேள்வி அனுபவத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், நெறியாளர் பேசாதவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

நம் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் 'குரூப் டிஸ்கஷன்' பழகுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்தின் முன்னால், பத்து நிமிடத்துக்குள் தான் தனித்துத் தெரிய வேண்டும். அடுத்தவரைப் பேசவிட்டால் தன் வாய்ப்பு போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வேலை வேண்டியதுதான். ஆனால் சேர்ந்து பேசுவதற்கு நாம் கொடுக்கும் ஒரே பயிற்சி இதுவாக இருக்கக் கூடாது. இந்தியாவில் வாக்களிக்கும் வயது 1989இல் 21லிருந்து 18 ஆனது. அன்றிலிருந்து நம் முதலாண்டு வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வாக்காளர்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். பெஞ்சு தரையோடு அறையப்பட்டிருந்தால் மரத்தடிக்குப் போங்கள். விடுதிச் சாப்பாடோ, கல்லூரிப் பேருந்தோ, ஊர்க் குளமோ, எதைப் பற்றிப் பேசுவது என்பதை மாணவர்களே தீர்மானிக்கட்டும். மூன்று வழிகளை அவர்களே எழுதி வரட்டும். நெறியாளராக ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் இருக்கட்டும். நீங்களும் வட்டத்தில் உட்காருங்கள், கடைசியில் பேசுங்கள்.